தமிழ்ச் சூழலில் விமர்சனக் கோட்பாடு

விமர்சனக் கோட்பாடு என்பது சமூகத்தை விளக்குவதோடு நில்லாமல், அதில் நிலவும் ஆதிக்கம் எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு இயல்பானதாகத் தோற்றமளிக்கிறது, அதிலிருந்து விடுபட வழி உண்டா ஆகிய வினாக்களை எழுப்பும் சிந்தனை மரபு ஆகும். குறுகிய பொருளில் இது செருமனியின் ஃபிராங்க்ஃபர்ட் சிந்தனைப் பள்ளியைக் குறிக்கும். விரிந்த பொருளில் அமைப்பியல், பின்னமைப்பியல், பின்நவீனத்துவம், பெண்ணியம், பின்காலனியம், விளிம்புநிலை ஆய்வுகள் ஆகியவற்றையும் உள்ளடக்கும். தமிழில் பெரும்பாலும் இவ்விரிந்த பொருளிலேயே "கோட்பாடு" என்ற சொல் வழங்குகிறது.

தமிழில் இச்சிந்தனைகள் முதன்மையாகச் சிற்றிதழ்கள் வழியாகவே பரவின. ஐரோப்பாவில் முதலாளியம், பாசிசம், வெகுசனப் பண்பாடு ஆகியவை பற்றி எழுந்த வினாக்கள் இங்கு வந்தபோது சாதியை எதிர்கொள்ள நேர்ந்தது. அதனால் "யார் பேசுகிறார், எந்த நிலையிலிருந்து, யாருக்காக?" என்ற வினாவே தமிழ் விவாதங்களின் மையமாக அமைந்தது.

தோற்றமும் பொருளும்

ஃபிராங்க்ஃபர்ட் நகரில் சமூக ஆய்வு நிறுவனம் 1923 இல் தொடங்கப்பட்டது. அதன் இயக்குநராக இருந்த மாக்சு ஓர்க்கைமர் 1937 இல் எழுதிய கட்டுரையில் மரபுவழிக் கோட்பாட்டையும் விமர்சனக் கோட்பாட்டையும் வேறுபடுத்தினார். மரபுவழிக் கோட்பாடு சமூகத்தை வெளியே நின்று பார்ப்பதாகக் கருதிக்கொள்கிறது. விமர்சனக் கோட்பாடோ, தானும் அச்சமூகத்தின் பகுதி என்பதையும், அறிவு உருவாகும் சூழல் அறிவின் வடிவத்தைப் பாதிக்கும் என்பதையும் ஏற்றுக்கொள்கிறது.

நாசி ஆட்சியின்போது இந்நிறுவனத்தின் அறிஞர்கள் பலர் புலம்பெயர்ந்தனர். தியோடார் அடோர்னோவும் ஓர்க்கைமரும் இணைந்து எழுதிய "அறிவொளியின் இயங்கியல்" 1947 இல் நூலாக வெளிவந்தது. மனிதரை அச்சத்திலிருந்து விடுவிக்க வந்த பகுத்தறிவு, எல்லாவற்றையும் கருவியாக மாற்றும் ஆதிக்கமாகவும் மாறக்கூடும் என்பது அந்நூலின் மையக் கருத்து. எர்பர்ட் மார்க்யூசவின் "ஒற்றைப் பரிமாண மனிதன்" (1964), யூர்கன் ஏபர்மாசின் பொதுவெளி பற்றிய ஆய்வு (1962) ஆகியவை இம்மரபின் பிற முக்கிய நூல்கள்.

இதே காலத்தில் பிரான்சில் வேறொரு போக்கு வளர்ந்தது. சசூரின் மொழியியலை அடிப்படையாகக் கொண்ட அமைப்பியலும், அதனைத் தொடர்ந்து மிசேல் ஃபூக்கோ, சாக் தெரிதா முதலியோரின் பின்னமைப்பியல் சிந்தனைகளும் அதில் அடங்கும். இவ்விரு போக்குகளிடையே கடுமையான கருத்து வேறுபாடுகள் உண்டு. பகுத்தறிவை அதன் குறைகளிலிருந்து மீட்க வேண்டும் என்று ஏபர்மாசு வாதிட்டார். பகுத்தறிவும் உண்மையும் அதிகாரத்தோடு பிணைந்தே உருவாகின்றன என்பதை ஃபூக்கோ வரலாற்று வழியில் காட்ட முயன்றார்.

தமிழில் முன்னோடிச் சூழல்

ஆதிக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்தும் மரபு தமிழில் மேலைக் கோட்பாடுகளோடு தொடங்கியதன்று. அயோத்திதாசர் (1845–1914) 1907 இல் தொடங்கிய "ஒரு பைசாத் தமிழன்" இதழில் சாதியின் வரலாற்றையும் பழந்தமிழ் நூல்களுக்குக் கூறப்பட்ட விளக்கங்களையும் பௌத்த நோக்கில் மறுவாசிப்பு செய்தார். ஈ. வெ. இராமசாமி 1925 இல் "குடி அரசு" இதழைத் தொடங்கிச் சாதி, மதம், ஆணாதிக்கம் ஆகியவற்றின் மீது தொடர்ந்து விமர்சனங்களை முன்வைத்தார். எனினும் பிற்காலக் கோட்பாட்டாளர்கள் இவர்களைத் தம் முன்னோடிகளாகக் கண்டுகொள்ளச் சில பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மார்க்சியத் திறனாய்வே சமூக நோக்குடைய முதன்மை ஆய்வுமுறையாக விளங்கியது. நா. வானமாமலை (1917–1980) பாளையங்கோட்டையிலிருந்து "ஆராய்ச்சி" இதழை நடத்தி, நாட்டார் வழக்காறுகளைச் சமூக வரலாற்றுச் சான்றுகளாக ஆராய்ந்தார். இலங்கையில் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் இலக்கியத்தை அதன் சமூக அடித்தளத்தோடு தொடர்புபடுத்தி ஆராய்ந்தனர். இவ்விருவரும் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் மார்க்சிய அறிஞர் சார்ச் தாம்சனின் வழிகாட்டலில் ஆய்வு செய்தவர்கள். இவர்களது அணுகுமுறை இலக்கியத்தை வெறும் சமூகப் பிரதிபலிப்பாகச் சுருக்குகிறது என்ற விமர்சனமும் அப்போதே எழுந்தது. ஈழ எழுத்தாளர் மு. தளையசிங்கம் (1935–1973) அவ்வாறு விமர்சித்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர்.

அந்நியமாதல் குறித்த விவாதம்

கட்சி சார்ந்த மார்க்சியத்திலிருந்து விலகிய தேடல் 1970களில் வலுப்பெற்றது. எஸ். வி. ராஜதுரை எழுதிய "எக்சிஸ்டென்சியலிசம்" (1975), "அந்நியமாதல்" (1979) ஆகிய நூல்கள் இதில் முக்கியமானவை. தொழிலாளி தான் உருவாக்கும் பொருளிலிருந்தும், தன் உழைப்பிலிருந்தும், சக மனிதரிடமிருந்தும் விலக்கப்படுகிறான் என்ற இளம் மார்க்சின் கருத்து இரண்டாவது நூலின் வழியாகத் தமிழ் வாசகருக்கு விரிவாக அறிமுகமாயிற்று. கோவை ஞானி (1935–2020) "பரிமாணம்", "நிகழ்" முதலிய இதழ்களை நடத்தி, மார்க்சியத்தைத் தமிழ் மரபோடும் அறவியலோடும் இணைக்க முயன்றார். அவரோடு நெருங்கியிருந்த எஸ். என். நாகராசன் "கீழை மார்க்சியம்" என்ற கருத்தை முன்வைத்தார்.

இவ்விவாதங்களில் ஓர் அரசியல் வினா அடங்கியிருந்தது. பொருளாதார அமைப்பு மாறினால் மனித விடுதலை தானே வந்துவிடுமா, அல்லது பண்பாடு, சாதி, குடும்பம், கட்சியின் உள் அதிகாரம் ஆகியவற்றைத் தனியே எதிர்கொள்ள வேண்டுமா என்பதே அவ்வினா. பின்னர் வந்த கோட்பாட்டு விவாதங்கள் அனைத்தும் ஏதோ ஒரு வகையில் இதற்கு விடை தேட முயன்றவையே.

அமைப்பியலின் வருகை

தமிழவன் எழுதிய "ஸ்ட்ரக்சுரலிசம்" (1982) அமைப்பியலைத் தமிழில் விரிவாக அறிமுகப்படுத்திய நூலாகும். தமிழவன் பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றியவர். பெங்களூரிலிருந்து வெளிவந்த "படிகள்" இதழுடனும் தொடர்புடையவர். ஒரு படைப்பின் பொருளை ஆசிரியரின் வாழ்க்கையிலோ நோக்கத்திலோ தேடாமல், அதன் கூறுகளுக்கு இடையிலான உறவுகளில் தேட வேண்டும் என்பது அமைப்பியல் நோக்கு. தொல்காப்பியத்தின் திணைக் கோட்பாட்டை இந்நோக்கில் மீண்டும் படிக்கலாம் என்று அவர் காட்டினார். நிலம், பொழுது, உணர்ச்சி, கருப்பொருள் ஆகியவை ஒன்றோடொன்று கொண்ட வேறுபாட்டாலும் உறவாலும் பொருள் தரும் ஒழுங்கமைவு திணை ஆகும். இதனால் அமைப்பியல் முற்றிலும் அயலானது என்ற எண்ணம் ஓரளவு மாறியது.

பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையும், அவ்வூரிலிருந்து வந்த "மேலும்" இதழும் இப்போக்கு வளர்வதற்கு இடமளித்தன. நாகார்ஜுனன், எம். டி. முத்துக்குமாரசாமி முதலியோர் பின்னமைப்பியல் சிந்தனைகளை அறிமுகப்படுத்தினர்.

நிறப்பிரிகையும் தலித் அரசியலும்

1990களின் தொடக்கத்தில் சில நிகழ்வுகள் அடுத்தடுத்து நடந்தன. 1990 இல் மண்டல் குழுவின் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தும் அறிவிப்பு வந்தது. 1991 இல் அம்பேத்கரின் நூற்றாண்டு நிறைவுற்றது. அதே ஆண்டில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. மாசுகோவில் அச்சாகி மலிவு விலையில் தமிழில் கிடைத்துவந்த மார்க்சிய நூல்களின் வரவும் நின்றது. 1992 இல் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. பழைய விளக்கங்கள் போதவில்லை என்ற உணர்வு இடதுசாரிகள் பலரிடம் ஏற்பட்டது.

இச்சூழலில் வெளிவந்த "நிறப்பிரிகை" இதழின் ஆசிரியர் குழுவில் அ. மார்க்ஸ், ரவிக்குமார், பொ. வேல்சாமி ஆகியோர் இருந்தனர். வெள்ளொளி பல நிறங்களாகப் பிரிவதைக் குறிக்கும் இயற்பியல் சொல்லே இதழின் பெயராயிற்று. ஒற்றை உண்மை, ஒற்றைத் தலைமை, ஒற்றை வர்க்கம் என்பதற்கு மாறாகப் பன்மையை வலியுறுத்திய இதழுக்கு இப்பெயர் பொருத்தமாக அமைந்தது. ஒருவர் எழுதிப் பலர் படிக்கும் முறைக்கு மாற்றாக, பலர் கூடிப் பேசியதைப் பதிவுசெய்து வெளியிடும் "கூட்டு விவாதம்" இவ்விதழின் சிறப்பியல்பு. அடித்தள மக்களைப் பற்றிய ஆய்வுகளும், ஃபூக்கோவின் அதிகாரம் பற்றிய கருத்துகளும், அம்பேத்கர், பெரியார் சிந்தனைகளும் ஒரே தளத்தில் விவாதிக்கப்பட்டன.

தலித் இலக்கியமும் இதே காலத்தில் எழுச்சி பெற்றது. பாமாவின் "கருக்கு" 1992 இலும் இமையத்தின் "கோவேறு கழுதைகள்" 1994 இலும் வெளிவந்தன. பின்னதன் மையப் பாத்திரம், தலித் மக்களுக்கே ஊழியம் செய்யும் வண்ணார் குடும்பத்தைச் சேர்ந்த பெண். ஒடுக்கப்பட்டோருக்குள் உள்ள ஏற்றத்தாழ்வை அப்போது எழுதலாமா என்ற விவாதம் இந்நாவலைச் சுற்றி எழுந்தது. ராஜ் கௌதமன் (1950–2024) "தலித் பண்பாடு", "அறம் அதிகாரம்" முதலிய நூல்களில், பண்டைய அற இலக்கியங்கள் போற்றிய விழுமியங்கள் யாருடைய அதிகாரத்தை நிலைநிறுத்தின என்று ஆராய்ந்தார். ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் 1999 இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் தமிழில் நிகழ்ந்த மறுவாசிப்பு ஒன்று, மேலைக் கோட்பாடுகள் பற்றிய விவாதம் உச்சத்தில் இருந்தபோது மீண்டும் படிக்கக் கிடைத்தது குறிப்பிடத்தக்கது.

பெரியார் குறித்த விவாதம்

பெரியாரின் இயக்கம் தலித் மக்களுக்கு எந்த அளவுக்கு இடமளித்தது என்பது இக்கோட்பாட்டு வட்டத்தைப் பிளந்த வினா ஆகும். "பிராமணர் அல்லாதார்" என்ற வகைப்பாடு இடைநிலைச் சாதிகளின் ஆதிக்கத்தை மறைத்தது என்று ரவிக்குமார் உள்ளிட்ட சிலர் வாதிட்டனர். எஸ். வி. ராஜதுரையும் வ. கீதாவும் தம் நூல்களில், சுயமரியாதை இயக்கம் சாதி, பாலினம், வர்க்கம் ஆகியவற்றைச் சேர்த்தே எதிர்த்த விரிந்த விடுதலைத் திட்டம் என்று சான்றுகளோடு நிறுவ முயன்றனர். அ. மார்க்சும் பெரியாரை வலுவாக ஆதரித்தார். வரலாற்றாசிரியர் எம். எஸ். எஸ். பாண்டியன், பொதுவெளியில் சாதி தன் பெயரைச் சொல்லாமலேயே பண்பாடு, தகுதி, தூய்மை போன்ற வேறு சொற்களின் வழியாக இயங்கும் முறையை 2002 இல் எழுதிய கட்டுரையொன்றில் ஆராய்ந்தார்.

ஓர் இயக்கத்தை அதன் தலைவரின் எழுத்தைக் கொண்டு மதிப்பிடுவதா, அது ஆட்சி அதிகாரத்தில் விளைவித்ததைக் கொண்டு மதிப்பிடுவதா என்பதில் இருதரப்பும் வேறுபட்டன. இவ்வேறுபாடு இன்றளவும் தீரவில்லை.

பெண்ணியமும் உடலும்

2000களின் தொடக்கத்தில் சல்மா, குட்டி ரேவதி, மாலதி மைத்ரி, சுகிர்தராணி முதலிய பெண் கவிஞர்கள் பெண்ணுடலைப் பெண்ணின் பார்வையில் எழுதினர். குட்டி ரேவதியின் "முலைகள்" தொகுப்பு கடும் கண்டனங்களுக்கு உள்ளாயிற்று. ஆண் கவிஞர்கள் நூற்றாண்டுகளாகப் பாடிய உடலுறுப்பை ஒரு பெண் தன் நூலின் தலைப்பாக்கியபோது அது ஏன் ஆபாசமாயிற்று என்பதே இவ்விவாதம் எழுப்பிய வினா. சொல் ஒன்றே, சொல்பவர் மாறினார். யார் பேசலாம் என்பதை நிர்ணயிக்கும் அதிகாரம் பற்றி ஃபூக்கோ கூறியதை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம்.

திரைப்படமும் பண்பாட்டுத் தொழிலும்

வெகுசனப் பண்பாடு மக்களைச் செயலற்ற நுகர்வோராக மாற்றுகிறது என்று அடோர்னோவும் ஓர்க்கைமரும் கருதினர். தமிழ்நாட்டில் திரைப்படம் ஆட்சியையே நிர்ணயிக்கும் ஆற்றலாக வளர்ந்ததால் இக்கருத்து இங்கு மறுபரிசீலனைக்கு உள்ளாயிற்று. கா. சிவத்தம்பி 1981 இல் தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பு ஊடகமாக ஆராய்ந்து நூல் எழுதினார். சாதிவாரியாக இடம் ஒதுக்கப்பட்ட சமூகத்தில், கட்டணம் செலுத்திய எவரும் ஒரே கூரையின் கீழ் அமரும் இடமாகத் திரையரங்கு அமைந்ததை அவர் சுட்டினார். எம். எஸ். எஸ். பாண்டியனின் நூல் (1992) எம். ஜி. இராமச்சந்திரனின் திரைப் பிம்பம் ஏழை மக்களின் ஏற்பைப் பெற்ற முறையை, கிராம்சியின் கருத்துகளின் துணையுடன் விளக்கியது. ஒருவர் சமத்துவத்தின் சாயலையும் மற்றவர் ஏமாற்றத்தின் பொறிமுறையையும் கண்டது, ஒரே பொருளைப் பற்றிய இரு வேறு விமர்சன நோக்குகளுக்கு எடுத்துக்காட்டு ஆகும்.

அறிவு, வளர்ச்சி, சூழல்

பகுத்தறிவு கருவியாகச் சுருங்குவது பற்றிய விமர்சனம் சூழலியல் விவாதங்களிலும் பயன்படுகிறது. பழனி மலையின் மேற்பகுதியில் சோலைக் காடுகளும் புல்வெளிகளும் இயற்கையாக அமைந்திருந்தன. மரமில்லாத புல்வெளி, வனத்துறை நிருவாகத்தின் பார்வையில் பயனற்ற நிலமாகத் தெரிந்தது. இருபதாம் நூற்றாண்டில் அந்நிலங்களில் வாட்டில், யூக்கலிப்டசு, பைன் ஆகிய அயல் மரங்கள் பெருமளவில் நடப்பட்டன. மழைநீரைச் சேமித்து ஓடைகளுக்கு அளிக்கும் புல்வெளியின் பணி பின்னரே பரவலாக உணரப்பட்டது. போளூர் உள்ளிட்ட மேல்மலைச் சிற்றூர்களின் வேளாண்மை அவ்வோடைகளையும் ஊற்றுகளையும் சார்ந்தது. "பயனற்ற நிலம்" என்பது வெறும் விவரிப்பு அன்று. அப்பெயரே அந்நிலத்தின் எதிர்காலத்தைத் தீர்மானித்தது. சொல்லாடல் என்ற கருத்தாக்கத்துக்கு இது எளிய எடுத்துக்காட்டு.

அதே மலையிலுள்ள கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை, அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து 1980களில் இடம்பெயர்ந்தது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் பொறுப்பில் வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய பொருட்கள் வாங்கும் கடையொன்றில் இருப்பது 2001 இல் வெளிப்பட்டதை அடுத்துத் தொழிற்சாலை மூடப்பட்டது. தொழிலாளரின் உடல்நலம் பாதிக்கப்படவில்லை என்று நிறுவனமும், பாதிக்கப்பட்டது என்று முன்னாள் தொழிலாளரும் கூறிவந்தனர். 2016 இல் 591 முன்னாள் தொழிலாளர் சார்பில் உடன்பாடு எட்டப்பட்டது. மண்ணில் ஒரு கிலோகிராமுக்கு 20 மில்லிகிராம் வரை பாதரசம் எஞ்சலாம் என்ற தூய்மைப்படுத்தல் அளவு அதன்பின்னும் சர்ச்சைக்கு உள்ளாயிற்று. பணக்கார நாடுகளில் இதைவிடக் கடுமையான அளவுகள் பின்பற்றப்படுவதாகச் செயற்பாட்டாளர்கள் சுட்டினர். எவ்வளவு பாதுகாப்பானது என்பது அளவீட்டு வினா மட்டுமன்று. யாருடைய மண், யாருடைய உடல், முடிவெடுப்பவர் யார் என்பனவும் அதில் அடங்கும். செருமானியச் சமூகவியலாளர் உல்ரிக் பெக் 1986 இல் முன்வைத்த "இடர்ச் சமூகம்" என்ற கருத்து இத்தகைய நிலைமைகளை விளக்க உதவுகிறது.

கலைச்சொற்கள்

பெரும்பாலான கோட்பாட்டு நூல்கள் பிரெஞ்சு அல்லது செருமன் மொழியில் எழுதப்பட்டு, ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்தன. ஒரே கருத்துக்குப் பல சொற்கள் வழங்குவதால் வாசகருக்குக் குழப்பம் நேர்வதுண்டு. சில முக்கிய சொற்கள் பின்வருமாறு:

சொல்லாடல்: ஒரு பொருளைப் பற்றி எதைப் பேசலாம், எது உண்மையாகக் கொள்ளப்படும் என்பதை வரையறுக்கும் மொழி ஒழுங்கு.

பெருங்கதையாடல்: வரலாறு முழுவதற்கும் ஒரே விளக்கம் அளிக்கும் கருத்தமைப்பு. பிரெஞ்சு மெய்யியலாளர் லியோதார் 1979 இல் வெளியிட்ட நூலால் பரவியது.

கட்டுடைப்பு அல்லது கட்டவிழ்ப்பு: ஒரு பனுவல் நம்பியிருக்கும் எதிர்மைகள் அதனுள்ளேயே நிலைகுலைவதைக் காட்டும் வாசிப்பு. "உடைப்பு" என்பது அழிவைச் சுட்டுவதால் "அவிழ்ப்பு" பொருத்தமானது என்பாரும் உளர்.

மேலாண்மை: வன்முறையின்றி மக்களின் ஏற்பைப் பெற்று நிலைக்கும் ஆதிக்கம் பற்றிய கிராம்சியின் கருத்து. நீர் மேலாண்மை, பேரிடர் மேலாண்மை என்று நிருவாகத் துறையிலும் இச்சொல் வழங்குவதால், "மேலாதிக்கம்" என்று எழுதுவாரும் உண்டு.

விளிம்புநிலை மக்கள், அடித்தள மக்கள்: இரண்டும் ஒரே கருத்துக்கு வழங்கினும் வேறுபட்ட சித்திரங்களைத் தருகின்றன. முதலாவது, ஒதுக்கப்பட்டவர் ஓரத்தில் இருப்பதாகக் காட்டுகிறது. இரண்டாவது, அவர்களே சமூகத்தைத் தாங்குவதாகக் காட்டுகிறது.

எதிர்ப்புகளும் மறுமொழிகளும்

கோட்பாட்டு எழுத்துகளின் மீது பின்வரும் விமர்சனங்கள் முன்வைக்கப்பட்டன.

முதலாவது, மொழியின் கடுமை. விடுதலை பற்றிப் பேசும் எழுத்து, விடுதலை வேண்டுவோருக்கே புரியாத நடையில் அமைந்தது என்று பலர் குறைகூறினர். புதிய கருத்துகளுக்குப் புதிய மொழி தேவைப்பட்டது என்பது கோட்பாட்டாளரின் மறுமொழி. எனினும் மோசமான மொழிபெயர்ப்பும் ஆழமான சிந்தனையும் ஒன்றாகவே தோற்றமளித்ததை அவர்களுள் சிலர் ஏற்றுக்கொண்டனர்.

இரண்டாவது, சார்புவாதம். எல்லா உண்மைகளும் கதையாடல்களே எனில், சாதிக் கொடுமை பொய்யன்று என்று எதைக் கொண்டு நிறுவுவது என மார்க்சியர்கள் கேட்டனர். பின்நவீனத்துவம் வர்க்கப் போராட்டத்தைச் சிதறடிக்கும் முதலாளியக் கருத்தியல் என்று "புதிய கலாச்சாரம்" போன்ற இதழ்கள் சாடின. 1996 இல் இயற்பியலாளர் ஆலன் சோக்கல் பொருளற்ற கட்டுரையொன்றை எழுதி அமெரிக்கப் பண்பாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளியிடச் செய்தது இவ்வாதத்துக்கு வலுச்சேர்த்தது. அறிவியலின் பொதுமையை மறுப்பது மத அடிப்படைவாதத்துக்கே துணைபோகும் என்று மீரா நந்தா 2003 இல் வெளியிட்ட நூலில் எச்சரித்தார்.

மூன்றாவது, கோட்பாட்டை உருவாக்குவோர் யார் என்பது. இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு உயர்சாதியினரின் பணியாகவும், தரவு திரட்டல் பிறர் பணியாகவும் பிரிந்துள்ளது என்று கோபால் குரு 2002 இல் எழுதிய கட்டுரையில் குற்றஞ்சாட்டினார். அனுபவம் உள்ளவர்தாம் கோட்பாடு எழுத இயலுமா என்பது பற்றி அவருக்கும் மெய்யியலாளர் சுந்தர் சருக்கைக்கும் இடையே நிகழ்ந்த விவாதம் 2012 இல் நூலாக வெளிவந்தது. தலித் அனுபவத்தைத் தலித் அல்லாதார் எழுதலாமா என்று தமிழ்ச் சிற்றிதழ்களில் 1990களில் எழுந்த வினாவின் மெய்யியல் வடிவமே இது எனலாம்.

மதிப்பீடு

அமைப்பியல், பின்நவீனத்துவம் ஆகிய பெயர்கள் 1990களில் இருந்த அளவுக்கு இன்று தமிழில் பேசப்படுவதில்லை. ஆயினும் அவற்றின் சொற்கள் பொது வழக்கில் கலந்துவிட்டன. விளிம்புநிலை, கட்டுடைத்தல், சொல்லாடல், கதையாடல் ஆகியவை இன்று நாளிதழ்களிலும் மேடைப் பேச்சிலும் விளக்கமின்றியே வழங்குகின்றன. ஒரு நூலையோ திரைப்படத்தையோ அது யாருடைய பார்வையில் அமைந்துள்ளது என்று கேட்டு அணுகுவதும் வழக்கமாகியுள்ளது.

தமிழில் இக்கோட்பாடுகள் நிலைத்தவிடத்து, அவை சாதியைப் பற்றிப் புதிதாக ஏதேனும் கூற இயன்றதனாலேயே நிலைத்தன. சாதியைத் தொடாத பகுதிகள் பெரும்பாலும் அறிமுகக் கட்டுரைகளோடு நின்றுவிட்டன. அறிவு உருவாகும் சூழல் அறிவின் வடிவத்தைப் பாதிக்கும் என்ற ஓர்க்கைமரின் கருத்து, அக்கருத்தே தமிழுக்கு வந்த வரலாற்றுக்கும் பொருந்துகிறது.

இவற்றையும் பார்க்க

ஃபிராங்க்ஃபர்ட் சிந்தனைப் பள்ளி
அமைப்பியல்
பின்நவீனத்துவம்
தலித் இலக்கியம்
சுயமரியாதை இயக்கம்
தமிழ்ச் சிற்றிதழ்கள்
கொடைக்கானல் பாதரச மாசு